ஃபிளாஷ்கார்டுகளை எங்கே எழுதி வைப்பது: டெக்ஸ்ட் கோப்பிலா, செயலிக்குள்ளா?

ஃபிளாஷ்கார்டு வைத்துப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். கார்டுகள் சில நூறைத் தாண்டிய பிறகே அடுத்த கேள்வி எழும். இவ்வளவையும் ஒரு செயலியின் தரவுத்தளத்துக்குள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோமே, சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதியிருந்தால் தேடவும் திருத்தவும் பகிரவும் எளிதாக இருந்திருக்காதா? எந்தக் கணினியிலும் திறக்கலாம், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில் போட்டு வைக்கலாம், செயலி மாறினாலும் கோப்பு அப்படியே இருக்கும். இந்த ஆசை நியாயமானது. ஆனால் டெக்ஸ்ட் கோப்பில் வைப்பது என்றால் ஒரே வழி அல்ல. அதற்குள்ளேயே பல வழிகள் இருக்கின்றன. தவறான வழியைப் பிடித்தால் எந்தக் கார்டை எப்போது திருப்பிப் பார்த்தோம் என்று மாதக்கணக்கில் சேர்த்த திருப்புதல் கணக்கு ஒரே நாளில் போய்விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி பதிலை டெக்ஸ்ட் கோப்பில் எழுதுங்கள். திருப்பிப் பார்த்த கணக்கைத் தரவுத்தளம் வைத்துக்கொள்ளட்டும். இரண்டையும் நீங்களே இட்ட ஓர் அடையாள எண்ணால் இணையுங்கள். பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பொருந்தாதவர்களும் உண்டு, அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது

கார்டில் நீங்கள் எழுதுவது கேள்வியும் பதிலும். அதோடு சேர்ந்து இன்னொன்றும் வளர்கிறது: எந்தெந்த நாளில் பார்த்தீர்கள், நினைவுக்கு வந்ததா, அடுத்து எப்போது காட்ட வேண்டும் என்ற கணக்கு. கேள்வி பதில் எப்போதாவதுதான் மாறும், அதை மாற்றுவது நீங்கள். கணக்கு அன்றாடம் மாறும், அதை மாற்றுவது மென்பொருள்.

1972-இல் ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் விவரித்த காகிதப் பெட்டி முறையில் இது ஒரு சிக்கலாகவே இல்லை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். அட்டை இருக்கும் அறையே அதன் கணக்கு. எழுத்துப்பிழையை அழித்துத் திருத்தினாலும் அட்டை அதே அறையில்தான் இருக்கும். கணினியில் அப்படித் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதம் இல்லை. இந்தக் கணக்கு இந்தக் கார்டுடையது என்று யாராவது குறித்து வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். "இதயத்தில் எத்தனை அறைகள்? நான்கு" என்று ஒரு கார்டு எழுதியிருக்கிறீர்கள். பல மாதம் படித்து, அது இப்போது ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறது. பிறகு விலங்கியல் பாடத்தில் மீனின் இதயத்துக்கு இரண்டு அறைகள், தவளைக்கு மூன்று என்று வருகிறது. பழைய கேள்வி அரைகுறையானது என்று தெரிகிறது. முன்னால் "மனித" என்ற சொல்லைச் சேர்க்கிறீர்கள். இப்போது இது பழைய கார்டா, புதிய கார்டா? உங்களைக் கேட்டால் பழையதுதான் என்பீர்கள். மென்பொருள் என்ன சொல்லும் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த முறையைப் பொறுத்தது. கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுகிறேன். மற்ற நிறைகுறைகளோடு எப்படியாவது வாழலாம். இதில் தவறினால் வாழ முடியாது.

எல்லாம் செயலிக்குள்ளேயே

டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆன்கி என்ற ஃபிளாஷ்கார்டு செயலியை எடுத்துக்கொள்வோம். இதில் கார்டுகளும் கணக்கும் ஒரே எஸ்.க்யூ.லைட் (SQLite) வகைத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கேள்வியும் பதிலும் சேர்ந்த பதிவை ஆன்கி குறிப்பு என்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. அது உருவான நேரத்தை மில்லிநொடிக் கணக்கில் காட்டும் எண். நீங்கள் கேள்வியை முழுக்க மாற்றி எழுதினாலும் அந்த எண் மாறாது, கணக்கும் நகராது. இதயக் கார்டு பழைய கார்டாகவே தொடரும். இந்தத் தேர்வில் ஆன்கிக்கு முழு மதிப்பெண்.

ஆன்கியைப் பற்றி ஒரு தவறான குறையும் உலவுகிறது: அதில் போட்டால் மாட்டிக்கொள்வோம், வெளியே எடுக்க முடியாது என்று. அது சரியல்ல. ஆன்கி திறந்த மூல மென்பொருள். தரவுத்தளத்தை எஸ்.க்யூ.லைட் தெரிந்த எந்தக் கருவியாலும் திறக்கலாம். குறிப்புகளை டெக்ஸ்டாக ஏற்றுமதி செய்யவும் அதிலேயே வசதி இருக்கிறது. எனவே சிறைபோலப் பயந்து வெளியேற வேண்டியதில்லை.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆன்கியில் கார்டுகளை ஒவ்வொன்றாகத்தான் எழுதுகிறோம், ஒவ்வொன்றாகத்தான் திருத்துகிறோம். பட்டியல் சாளரத்தில் ஒரு வரிசையைச் சொடுக்கினால் அந்த ஒன்றின் புலங்கள், அதாவது கேள்வி, பதில் கட்டங்கள், திறக்கும். பக்கத்துக் கார்டு முழுதாகத் தெரியாது. நல்ல கார்டு எழுதுவதற்கு இது பெரிய தடை என்பது என் அனுபவம். ஓர் அத்தியாயத்திலிருந்து எடுத்த இருபது கார்டுகளை ஒரே திரையில் மேலிருந்து கீழாகப் படிக்கும்போதுதான் தெரியும்: மூன்றாவதும் பதினோராவதும் ஒன்றையேதான் கேட்கின்றன, ஏழாவதின் பதில் எட்டாவது கேள்வியிலேயே இருக்கிறது, பதினைந்தாவதில் இரண்டு பதில்கள் சரியாக வரும். எழுதியதை வாசிப்பது திருத்தத்தின் பாதி வேலை. டெக்ஸ்ட் கோப்பில் அது தானாக நடக்கிறது. டெக்ஸ்ட் கோப்பை விரும்புவதற்குக் காரணமாகப் பலர் நீண்டகாலப் பாதுகாப்பைச் சொல்வார்கள். நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாவது லாபம் மொத்தமாகத் திருத்துவது. 2019 மே 20 அன்று கிலோகிராம், ஆம்பியர், கெல்வின், மோல் ஆகிய நான்கு அடிப்படை அலகுகளுக்கும் புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. கிலோகிராமுக்கு அதுவரை ஓர் உலோக உருளை அளவுகோலாக இருந்தது. அதன்பின் பிளாங்க் மாறிலி அந்த இடத்துக்கு வந்தது. இயற்பியல் கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் பல கார்டுகள் பழசாகிவிட்டன. ஆன்கியிலும் தேடலாம், சொல்மாற்றும் செய்யலாம். ஆனால் மாற்றும் முன் எல்லா இடங்களையும் அவற்றின் சூழலோடு பார்த்து, மாற்றிய பின் எது எது மாறியது என்று வரிவரியாக ஒப்பிட்டு, வேண்டாமென்றால் பழையபடி திருப்புவதற்கு டெக்ஸ்ட் கோப்பும் கிட்டும் போல வசதியான இணை இல்லை.

கணக்கையும் கோப்புக்குள்ளேயே எழுதுவது

டெக்ஸ்ட் கோப்புப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலிக்கான ஸ்பேஸ்டு ரெப்பெடிஷன் செருகுநிரல் நன்கு அறிமுகமானது. குறிப்பில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரட்டை முக்காற்புள்ளி போட்டால் அது கார்டாகிவிடும். நீங்கள் திருப்பிப் பார்த்ததும் அந்தக் கார்டின் பக்கத்திலேயே, படிக்கும்போது கண்ணில் படாத ஒரு கருத்துரையாக, அடுத்த தேதி, இடைவெளி நாள், கார்டு எவ்வளவு எளிது என்று காட்டும் எளிமை எண் மூன்றையும் செருகுநிரல் எழுதி வைக்கும். ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரைப் பயன்படுத்துபவர்களின் ஆர்க்-டிரில் இதையே இன்னும் விரிவாகச் செய்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே பண்புகளாகப் பல வரிகள் சேரும்.

இதயக் கார்டுத் தேர்வில் இவை நன்றாகவே தேறுகின்றன. கணக்கு கார்டின் அருகிலேயே இருப்பதால் கேள்வியை எப்படி மாற்றினாலும் கணக்கு கூடவே நிற்கும். கார்டை வெட்டி வேறு கோப்பில் ஒட்டினால் கணக்கும் சேர்ந்து போகும். லைட்னர் பெட்டியின் குணம் இதில் அப்படியே இருக்கிறது. வேறு தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. எல்லாக் கார்டுகளும் கணினியில் மட்டும், ஒரே ஒரு கருவியில் மட்டும் என்றால் இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

ஆனாலும் நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கோப்பு சுத்தமாக இருக்காது. ஒருநாள் நூறு கார்டு பார்த்தால் நூறு வரி மாறும். கிட்டின் வரலாற்றைத் திறந்தால் நீங்கள் உண்மையிலேயே திருத்திய ஒரு வரி, தேதி மாறிய நூறு வரிகளுக்குள் புதைந்துவிடும். கைபேசியிலும் கணினியிலும் ஒரே நாளில் திருப்பிப் பார்த்து இரண்டும் ஒத்திசைவதற்குள் மோதினால், தேதி எண்களை உட்கார்ந்து கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். நண்பரோடு கோப்பைப் பகிர்ந்தால் அவர் கையில் உங்கள் தேதிகளும் போகும்.

மற்றது இதைவிட ஆழமானது. பியோத்தர் வோஸ்னியாக் 1987-இல் சூப்பர்மெமோ என்ற திருப்புதல் மென்பொருளுக்காக எழுதிய, அடுத்து எப்போது காட்டுவது என்று கணக்கிடும் எஸ்.எம்.-2 முறைக்கு மிகக் குறைந்த தகவல் போதும். முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அதன்பின் முந்தைய இடைவெளியை எளிமை எண்ணால் பெருக்க வேண்டும். எளிமை எண் 2.5-இல் தொடங்கும், 1.3-க்குக் கீழே போகாது. இத்தனை சிறிய கணக்கை ஒரே வரியில் எழுதி வைக்கலாம் என்பதால்தான் கோப்புக்குள்ளேயே கணக்கு வைக்கும் முறை சாத்தியமானது. 2023-இல் வந்த ஆன்கி 23.10 பதிப்பு எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய முறையைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. கார்டின் கடினம், நினைவின் உறுதி, இந்தக் கணத்தில் நினைவுக்கு வரும் வாய்ப்பு என்று மூன்றாக மதிப்பிடும் முறை அது. தன் அளவுருக்களை உங்களுக்கேற்பச் சரிசெய்துகொள்ள அது முழு வரலாற்றையும் கேட்கும்: எந்த நாளில் எந்தக் கார்டுக்கு எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று ஒவ்வொரு பதிலையும். ஆன்கி தொடக்கத்திலிருந்தே அதைத் தனி அட்டவணையில் சேர்த்து வைத்திருந்ததால் பழைய பயனர்கள் ஒரே நாளில் புதிய முறைக்கு மாற முடிந்தது. கடைசி நிலையை மட்டும் மூன்று எண்களாக எழுதிவைத்தவர்களிடம் அந்த வரலாறு இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய எண்ணின் மேல் புதிய எண் எழுதப்பட்டுவிட்டது. நாளை இன்னும் நல்ல முறை வரலாம். அதற்கும் முழு வரலாறுதான் தீனி.

ஈமேக்ஸ் பக்கத்தில் ஆர்க்-எஃப்.சி. என்ற கருவி இதை உணர்ந்து, ஒவ்வொரு பதிலையும் தனிக் கோப்பில் வரிவரியாகச் சேர்க்கிறது. கோப்புக்குள் கணக்கு என்ற வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பவர்கள் இப்படி முழு வரலாற்றையும் காக்கும் கருவியைத் தேடிப் பிடியுங்கள்.

எழுத்தே அடையாளம்: ஹாஷ் வழி

ஹாஷ்கார்ட்ஸ் போன்ற புதிய கருவிகள் வேறொரு பாதையில் போகின்றன. மார்க்டவுன் என்ற எளிய குறிகள் கொண்ட டெக்ஸ்ட் கோப்பில் நீங்கள் எழுதுவது கேள்வியும் பதிலும் மட்டும். எண் கிடையாது, கருத்துரை கிடையாது. கார்டின் எழுத்துகளைக் கொண்டே ஒரு ஹாஷ் (எழுத்து மாறினால் தானும் மாறும் குறியீடு) கணக்கிட்டு, அதையே அடையாளமாகக் கொண்டு வரலாற்றைத் தனி எஸ்.க்யூ.லைட் தரவுத்தளத்தில் கருவி சேமிக்கும். கோப்பைத் திறந்து பார்த்தால் அவ்வளவு துப்புரவாக இருக்கும். வேறெந்த வழியிலும் இவ்வளவு அழகான கோப்பு கிடைக்காது. கார்டை எந்தக் கோப்புக்கு நகர்த்தினாலும் ஹாஷ் அதேதான், கணக்கும் அதேதான். ஒரே கார்டை இரண்டு இடத்தில் தவறி எழுதினாலும் ஒன்றாகவே எண்ணப்படும்.

இதயக் கார்டுத் தேர்வில் இது தோற்கிறது. "மனித" என்று சேர்த்த கணமே ஹாஷ் மாறும், புதிய கார்டு பிறக்கும், மறுநாளே உங்கள் முன் வந்து நிற்கும். ஒரு காற்புள்ளி சேர்த்தாலும் அதே கதைதான். இது பிழையல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. கார்டின் உள்ளடக்கம் மாறினால் நினைவும் புதிதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்லலாம். பதிலே மாறிவிட்ட கார்டுக்கு அந்த நியாயம் பொருந்தும். எழுத்துப்பிழை திருத்திய கார்டுக்குப் பொருந்தாது. இதைவிட எனக்குக் கவலை தருவது இதன் பின்விளைவு: திருத்தினால் கணக்கு போய்விடும் என்று தெரிந்தவர் திருத்தத் தயங்குவார். மொழி சரியில்லாத, பாதி உண்மையான கார்டோடு ஒப்பேற்றிக்கொண்டு போவார். எளிதாகத் திருத்தலாம் என்பதற்காகவே டெக்ஸ்ட் கோப்புக்கு வந்தவருக்கு அது பெரிய இழப்பு.

தமிழில் கார்டு எழுதுபவர்கள் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. நீங்கள் தட்டச்சு செய்த வரி ஒரு விதமாகவும், பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுத்த வரி வேறு விதமாகவும் இருந்தால் தேடலில் ஒன்று அகப்படாது, ஹாஷும் மாறிவிடும். யூனிகோடின் என்.எஃப்.சி. ஒழுங்குபடுத்தலைக் கோப்பின் மேல் ஓட்டினால் இரண்டும் ஒற்றைக் குறியீடாகிவிடும். ஆன்கி குறிப்புகளைச் சேமிக்கும்போது இதைத் தானே செய்துவிடுகிறது. டெக்ஸ்ட் கோப்பில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. "ஔ" என்பதை "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் எந்த ஒழுங்குபடுத்தலும் அதைச் சரிசெய்யாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களில் சேமித்த கோப்புகள் இன்று எப்படித் தெரிகின்றன என்று பார்த்தவர்களுக்கு, டெக்ஸ்ட் கோப்பு என்றென்றும் வாசிக்கக் கிடைக்கும் என்ற வாக்கு யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் சேமித்தால் மட்டுமே செல்லும் என்பது புரியும்.

விரிதாள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எக்செலில் இரண்டு நெடுவரிசை போட்டு காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கலாம் என்பார்கள். சொற்பொருள் பட்டியலுக்குப் பரவாயில்லை. ஆனால் விரிதாள் நீங்கள் எழுதியதை எழுதியபடி வைக்காது. "1-2" என்று தட்டினால் தேதியாக்கிவிடும், எண்ணின் முன்னுள்ள சுழியங்களை விழுங்கிவிடும். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றி ஆய்வுத் தரவுகளைக் கெடுத்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வழங்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. யூ.டி.எஃப்.-8 கோப்பைச் சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிவதும் வழக்கம். நெடுவரிசைகளை டேப் விசையால் பிரித்த கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதினால் இவை எதுவும் நேராது.

கோப்பில் எழுதி, ஆன்கியில் திருப்புவது

என் தேர்வு இது. கார்டுகள் டெக்ஸ்ட் கோப்பில். திருப்புதலும் வரலாறும் கைபேசி ஒத்திசைவும் ஆன்கியில். கோப்பிலிருந்து ஆன்கிக்கு ஒருவழிப் பாதை. கோப்பில் ஒரு கார்டு இப்படி இருக்கும்:

உயிர்-014
கே: மனித இதயத்தில் எத்தனை அறைகள்?
ப: நான்கு

முதல் வரியில் இருப்பது அடையாள எண். அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். டெக்ஸ்ட் கோப்பை இறக்குமதி செய்யும்போது ஆன்கி முதல் புலத்தைப் பார்த்துத்தான் இந்தக் குறிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. பலர் வழக்கப்படி முதல் புலத்தில் கேள்வியை வைப்பார்கள். அப்போது கேள்வியைத் திருத்தி இறக்குமதி செய்தால் ஆன்கி அதைப் புதிய குறிப்பாகச் சேர்க்கும், பழையதும் அங்கேயே இருக்கும், இரண்டும் மாறி மாறி வரும். முதல் புலத்தில் எண்ணை வைத்து, கேள்வியை இரண்டாவதற்குத் தள்ளி, ஏற்கெனவே உள்ள குறிப்புகளைப் புதுப்பிக்கவும் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். எண் ஒன்றாக இருக்கும்வரை கேள்வி பதில் இரண்டையும் எத்தனை முறை மாற்றினாலும் கணக்கு அசையாது. இதயக் கார்டு தேர்ந்துவிடும்.

எண்ணை நீங்களே இடுவது நல்லதா, கருவியிடம் விடுவதா? அப்சிடியனிலிருந்து ஆன்கிக்கு அனுப்பும் செருகுநிரல் ஒன்று, ஆன்கி தரும் பதின்மூன்று இலக்க எண்ணைக் கோப்பிலேயே எழுதி வைக்கும். கையால் எண்ணிட வேண்டியதில்லை என்பது அதன் வசதி. ஆனால் அந்த எண் ஆன்கி தந்தது. நாளை வேறு மென்பொருளுக்குப் போனால் அதற்குப் பொருளில்லை. "உயிர்-014" என்பது உங்களுடையது. எங்கும் கூட வரும், பேச்சில் சொல்லலாம், நண்பருக்கு எழுதும்போது குறிப்பிடலாம். எண்ணை ஒருமுறை இட்டால் மாற்றக் கூடாது. கார்டை நீக்கினாலும் அந்த எண்ணை வேறு கார்டுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் புதுக் கார்டு பழைய கார்டின் வரலாற்றைச் சுமக்கும். அத்தியாய வரிசையை எண்ணுக்குள் நுழைக்க வேண்டாம், ஏனென்றால் கார்டுகள் இடம் மாறும்.

மேலே காட்டிய வடிவத்தை டேப் பிரித்த வரிகளாக மாற்றச் சிறு நிரல் ஒன்று வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். அதே நிரல் ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். நிரல் எழுதத் தெரியாதவர்கள் நேரடியாக எண், டேப், கேள்வி, டேப், பதில் என்று வரிக்கு ஒரு கார்டாக எழுதலாம். நீண்ட பதில்களுக்கு அது வசதிப்படாது. ஆனால் நீண்ட பதில் உள்ள கார்டு பெரும்பாலும் இரண்டு மூன்றாகப் பிரிக்கப்பட வேண்டிய கார்டுதான்.

ஒருவழிப் பாதைக்கும் விலை உண்டு. முதலாவது, பிழை கண்ணில் படுவது திருப்பிப் பார்க்கும்போதுதான், அதுவும் பெரும்பாலும் கைபேசியில். அங்கேயே திருத்தினால் அடுத்த இறக்குமதியில் கோப்பின் பழைய வரி அதன் மேல் ஏறிவிடும். கை பரபரக்கும், இருந்தாலும் அங்கே திருத்தாமல் வண்ணக் கொடி ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, கணினிக்கு வந்ததும் கொடி வைத்தவற்றைத் தேடிக் கோப்பில் திருத்துங்கள். சற்று ஆறிய பின் திருத்துவதால் திருத்தமும் மேலாக இருக்கிறது. இரண்டாவது, கோப்பில் ஒரு கார்டை அழித்தால் ஆன்கியில் அது அழியாது. இறக்குமதி சேர்க்கும், புதுப்பிக்கும், நீக்காது. நீக்க வேண்டிய எண்களை ஒரு தனிப் பட்டியலில் எழுதிவைத்து, ஆன்கியில் தேடிக் கையால் நீக்குவதுதான் எளிய வழி. மூன்றாவது, குறிகள். இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்.டி.எம்.எல்.-ஐ அனுமதித்து இறக்குமதி செய்தால் கணிதத்தின் "<" குறி அம்மொழியின் குறிச்சொல்லாகக் கருதப்பட்டுப் பதிலின் பாதியை மறைக்கக்கூடும். அனுமதிக்காவிட்டால் தடித்த எழுத்து வேலை செய்யாது. உங்கள் பாடத்துக்கு எது தேவை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நிரப்புக் கார்டுகளில் ஒரு நுணுக்கம். ஆன்கியில் ஒரு வாக்கியத்தில் மூன்று இடங்களை மறைத்து 1, 2, 3 என்று எண்ணிட்டால் அந்த எண்ணே அந்தந்தக் கார்டின் அடையாளம். கோப்பில் வாக்கியத்தை மாற்றும்போது வரிசை அழகுக்காக 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றினால், ஒன்றின் வரலாறு மற்றதற்குப் போய்விடும். வரிசை கலைந்திருந்தாலும் எண்ணைத் தொடாதீர்கள்.

யார் எதை எடுப்பது

உடற்கூறு, வரைபடம், தாவர இனங்காணல் என்று படத்தை நம்பிய பாடம் படிப்பவர்கள் ஆன்கிக்குள்ளேயே இருங்கள். டெக்ஸ்ட் கோப்பு படத்தைச் சுமக்காது, பெயரை மட்டும்தான் சுமக்கும். படங்களை ஆன்கியின் ஊடகக் கோப்புறைக்குத் தனியே நகலெடுக்க வேண்டும், பெயர் பொருந்த வேண்டும். படத்தின் ஒரு பகுதியை மறைத்துக் கேட்கும் கார்டுகளை டெக்ஸ்டில் எழுதுவது வீண் சிரமம்.

குறிப்புகளும் கார்டுகளும் ஒரே இடத்தில் வேண்டும், கார்டுகள் சில நூறுதான் என்பவர்களுக்கு அப்சிடியன் போன்ற ஏற்பாடு போதும். கணினி முன்னாலேயே எப்போதும் திருப்பிப் பார்ப்பவர், கட்டளை வரியில் பழகியவர், கார்டை எழுதும்போதே நன்கு செதுக்கி எழுதுபவர் என்றால் ஹாஷ் வழியைத் தயங்காமல் எடுக்கலாம். சட்டம், வரலாறு, மொழி, நிரலாக்கம் போல முழுக்கச் சொல்லால் ஆன பாடம், ஆண்டுக்கணக்கில் திருத்தப்போகும் ஆயிரக்கணக்கான கார்டுகள், கைபேசியில் திருப்புதல் என்றால் கோப்பும் ஆன்கியும் சேர்ந்த வழிதான் தாங்கும். ஆண்டிராய்டில் ஆன்கிட்ராய்டு இலவசம். ஐபோன் செயலிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கூட்டாகப் படிக்கும் குழுவுக்கும் இந்த வழி நன்று: கோப்பு எல்லோருக்கும் பொது, கணக்கு அவரவர் ஆன்கியில்.

ஏற்கெனவே ஆன்கியில் நிறையக் கார்டு சேர்த்திருப்பவர்கள் அவற்றை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம், கணக்கை இழக்கவும் வேண்டாம். முதலில் முழுத் தொகுப்பையும் காப்புப் பிரதி எடுங்கள். பிறகு குறிப்புகளை டெக்ஸ்டாக ஏற்றுமதி செய்யும் சாளரத்தில் தனித்த அடையாளத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஆன்கியின் உள் அடையாளம் புரியாத குறிகளின் கோவையாக வரும். அந்த நெடுவரிசை இருக்கும்வரை மீண்டும் இறக்குமதி செய்தாலும் பழைய குறிப்போடுதான் பொருந்தும். ஆன்கியின் குறிப்பு வகையில் எண்ணுக்கென்று ஒரு புலத்தைக் கடைசியில் சேர்த்து, கோப்பில் உங்கள் எண்களை அந்த நெடுவரிசையில் நிரப்பி, ஒருமுறை இறக்குமதி செய்யுங்கள். எண்கள் ஏறிய பிறகு அந்தப் புலத்தை முதலிடத்துக்கு நகர்த்தலாம். புலம் சேர்த்ததும் ஆன்கி முழு ஒத்திசைவு கேட்கும். அதற்கு முன்பே கைபேசியில் நிலுவையில் உள்ள திருப்புதல்களை ஒத்திசைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவை போய்விடும். எல்லாக் கார்டையும் ஒரே மூச்சில் செய்யாமல், ஐந்து கார்டு உள்ள சிறு டெக்கில் (கார்டுக் கட்டில்) இதை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஒன்றின் கேள்வியை வேண்டுமென்றே மாற்றி இறக்குமதி செய்து, அதன் தகவல் சாளரத்தைத் திறந்து பாருங்கள். பழைய பதில்களின் பட்டியல் அப்படியே இருந்தால் மற்ற டெக்குகளையும் தொடங்கலாம்.